லோதர் மத்தேயஸ்

லோதர் மத்தேயஸ் (பிறப்பு: மார்ச் 21, 1961) ஜெர்மனியின் முன்னாள் கால்பந்து வீரர் ஆவார். நடுக்கள வீரராகப் புகழ்பெற்ற இவர், பிற்காலத்தில் பின்களத்தில் ஆடினார். ஜெர்மனியின் ஆடவர் தேசிய அணிக்காக 150 ஆட்டங்களில் பங்கேற்று 23 கோல்கள் அடித்துள்ளார். இவ்வணிக்காக இவரை விடக் கூடுதலான ஆட்டங்களில் எவரும் ஆடியதில்லை. 1982 முதல் 1998 வரை ஐந்து உலகக்கோப்பைத் தொடர்களில் 25 ஆட்டங்கள் ஆடி இவர் படைத்த சாதனையை, 2022ஆம் ஆண்டு இறுதியாட்டத்தில் அர்ஜென்டினாவின் லியோனல் மெஸ்ஸி முறியடித்தார்.

கழக வாழ்க்கை

எர்லாங்கன் நகரில் பிறந்த மத்தேயஸ், 1979இல் பொருசியா மொன்சென்கிளாட்பாக் கழகத்தில் சேர்ந்தார். 1984 ஜெர்மன் கோப்பை இறுதியாட்டத்தில் பேயர்ன் மியூனிக் அணிக்கெதிரான பெனால்டி உதையைத் தவறவிட்டார். அவ்வாண்டே பேயர்னுக்கு மாறவிருந்தவர் என்பதால் இது பெரிதும் விமர்சிக்கப்பட்டது. பேயர்னில் இரு காலகட்டங்களில் (1984–88, 1992–2000) ஏழு முறை புண்டசுலீகா பட்டம் வென்றார். இடையே இத்தாலியின் இன்டர் மிலான் கழகத்தில் 1989இல் தேசியப் பட்டத்தையும் 1991இல் யூஈஎஃப்ஏ கோப்பையையும் வென்றார். ஐரோப்பாவின் உயரிய கழகக் கோப்பை மட்டும் இவருக்குக் கிட்டவில்லை. 1987, 1999 ஆகிய இரு இறுதியாட்டங்களிலும் பேயர்ன் தோற்றது.

ஆட்ட நிலை மாற்றங்கள்

1986 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் மரடோனாவைத் தடுக்கும் பணி இவருக்கு அளிக்கப்பட்டது. இதனால் மேற்கு ஜெர்மனியின் தாக்குதலில் இவரது பங்கு குறைந்தது. அந்த ஆட்டத்தில் அர்ஜென்டினா 3–2 என வென்றது. 1990இல் அதே அணிகள் மீண்டும் மோதியபோது அப்பணியைக் கிடோ புக்வால்ட் ஏற்றார். அணித்தலைவரான மத்தேயஸ் நடுக்களத்தில் தடையின்றி ஆடினார். அத்தொடரில் நான்கு கோல்கள் அடித்து, உலகக்கோப்பையையும் வென்றார். அவ்வாண்டு தங்கப்பந்து விருதைப் பெற்ற இவர், 1991இல் ஃபிஃபாவின் முதலாவது உலகச் சிறந்த வீரராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

1992இல் முழங்காலில் கடுமையான காயம் ஏற்பட்டது. அதன் பின்னர் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நின்று ஆட்டத்தை நெறிப்படுத்தும் "லிபரோ" நிலைக்கு மாறினார். ஓட்டத்தை விட ஆட்டத்தை முன்கூட்டி உணரும் திறனே இந்நிலைக்கு முதன்மையானது. 1999இல், 38ஆம் வயதில், ஜெர்மனியின் ஆண்டின் சிறந்த வீரர் விருதை இரண்டாம் முறையாகப் பெற்றார்.

மதிப்பீடு

மத்தேயஸின் பன்முகத் திறனே அவரது ஆட்ட வாழ்வை நீட்டித்தது. எனினும், பிற அணிகள் லிபரோ முறையைக் கைவிட்டு நேர்வரிசைத் தற்காப்புக்கு மாறிய காலத்திலும், ஜெர்மனி அவரையே நம்பியிருந்தது. 2000 ஐரோப்பியக் கோப்பையில் 39 வயதான அவரைக் கொண்டு ஆடிய அணி, ஒரே ஒரு புள்ளியுடன் முதல் சுற்றிலேயே வெளியேறியது. போர்த்துகலிடம் 0–3 எனத் தோற்ற ஆட்டமே அவரது 150ஆவதும் இறுதியுமான ஆட்டமாகும். அத்தோல்விக்குப் பின் ஜெர்மனியில் இளையோர் பயிற்சி முறை சீரமைக்கப்பட்டு, கழகங்கள் பயிற்சி மையங்களை நடத்துவது கட்டாயமாக்கப்பட்டது. எனவே, அத்தோல்வியை ஒரு வீரரின் முதுமையால் விளைந்தது எனக் கருதுவதை விட, அவருக்கு மாற்றாக வேறொருவரை உருவாக்காத அமைப்பின் குறை எனக் கொள்வதே பொருத்தமாகும்.