எம்பிடி படிக்கப்போவது நீங்களா, பிள்ளையா?

எழுமலையிலும் சுற்றுப்பட்டிகளிலும் பிசியோதெரபி படித்த பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருக்கிறது. நானும் உங்களில் ஒருத்திதான். என் மகளும் பிபிடி முடித்தவள். அந்த உரிமையில்தான் பேசுகிறேன்.

நான்கு வருடப் படிப்பு, ஆறு மாத இன்டர்ன்ஷிப் எல்லாம் முடித்துப் பிள்ளை பெட்டியோடு உசிலம்பட்டி பஸ்ஸை விட்டு இறங்குகிறது. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்க விடுகிறீர்களா? மூன்றாம் நாளே மேற்படிப்பு, எம்பிடி என்று பேச்சு. அதையும் பிள்ளையிடம் பேசுவதில்லை. தேனியில் இருக்கும் மச்சினருக்குப் போன் போடுகிறீர்கள். கல்லூரியை அவர் சொல்கிறார். பிரிவை அவருடைய மகனின் சிநேகிதன் சொல்கிறான். பிரவுசிங் சென்டர் தம்பி விண்ணப்பத்தை நிரப்புகிறான். போட்டோவுக்கும் கையெழுத்துக்கும் மட்டும் பிள்ளையைக் கூப்பிடுகிறீர்கள்.

பிபிடியில் சேர்த்ததும் இப்படித்தான். எம்பிபிஎஸ் கிடைக்கவில்லை, பல் மருத்துவமும் கிடைக்கவில்லை, "இதுவும் ஆஸ்பத்திரிப் படிப்புதானே" என்று சேர்த்தோம். பதினேழு வயதில் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது என்று அன்றைக்குச் சமாதானம் சொல்லலாம். இன்று அது எலும்பும் தசையும் நரம்பும் படித்து, வார்டில் நோயாளியை எழுப்பி நடக்க வைத்துவிட்டு வந்திருக்கிறது. வீட்டில் எல்லோரையும்விட விஷயம் தெரிந்த ஆளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு நாம் முடிவெடுத்தால் அது என்ன நியாயம்?

எம்பிடி என்றால் என்னவென்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிபிடியில் எல்லாரும் எல்லாவற்றையும் படிக்கிறார்கள். எம்பிடியில் சேரும்போதே பிரிவு முடிவாக வேண்டும். எலும்பும் மூட்டும் என்றால் ஆர்த்தோ, நரம்பு என்றால் நியூரோ, இதயமும் நுரையீரலும் என்றால் கார்டியோ. குழந்தைகள், விளையாட்டு, மகளிர் நலம் என்று இன்னும் உண்டு. இரண்டு வருடமும் அதில்தான் படிப்பு, அதில்தான் ஆய்வேடு. பிறகு கல்லூரியில் பாடம் எடுத்தாலும், ஆஸ்பத்திரியில் சேர்ந்தாலும், சொந்தமாகக் கிளினிக் வைத்தாலும் அந்தப் பெயர் கூடவே வரும்.

இதை நம் வீடுகளில் எப்படி முடிவு செய்கிறோம்? "ஆர்த்தோ எடு, மூட்டுவலி இல்லாத வீடே இல்லை, கிளினிக் போட்டா காசு." இது ஓர் அப்பா. "ஸ்போர்ட்ஸ் எடு, கிரிக்கெட் டீமோட போகலாம்." இது டிவி பார்க்கும் சித்தப்பா. நியூரோ என்று பிள்ளை வாயைத் திறந்தால், "விழுந்து கிடக்கிறவங்களைத் தூக்கிக்கிட்டு அலையணுமா?" என்று அப்பத்தா வரைக்கும் எதிர்ப்பு. பெண்பிள்ளையாக இருந்துவிட்டால் "ஆம்பளை உடம்பைத் தொடுற வேலை" என்ற முணுமுணுப்பும் சேர்ந்துகொள்ளும். அதே அப்பத்தாவுக்கு நாளைக்குக் கை கால் விழுந்தால் தூக்கி உட்கார வைக்க யாரைத் தேடுவோம் என்று மட்டும் ஒருத்தரும் கேட்பதில்லை.

எங்கள் தெருவில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. மதுரை பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கூட்டிவந்து கட்டிலில் போட்டார்கள். மகனும் மருமகளும் ஆளுக்கொரு கையைப் பிடித்துத் தூக்குவார்கள், அவர் வலியில் அலறுவார். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிற பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வந்தாள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய திட்டம் இது. நீரிழிவுக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை கொண்டுவந்து தருகிறார்கள் என்று எல்லாருக்கும் தெரியும், பிசியோதெரபியும் அதில் உண்டு என்பது பலருக்குத் தெரியாது.

அந்தப் பெண் வந்ததும் முதலில், "விழுந்த கையைப் பிடிச்சு இழுக்காதீங்க, தோள்மூட்டு இறங்கிடும்" என்று மருமகளைத் தடுத்தாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள். பழைய கயிற்றுக் கட்டில், நடுவில் தொய்ந்து தரையைத் தொடாத குறை. கொல்லையில் கிடந்த செங்கல்லை எடுத்துவரச் சொல்லி, நான்கு காலுக்கும் அடுக்கிக் கட்டிலை உயர்த்தினாள். கயிற்றையும் இறுக்கிக் கட்டச் சொன்னாள். பள்ளத்தில் உட்கார்ந்தால் முழங்கால் இடுப்புக்கு மேலே நிற்கும், எழுந்திருக்கப் பலம் நிறைய வேண்டும், உயரமாக உட்கார்ந்தால் இருக்கிற பலமே போதும் என்றாள். "தாத்தா, காலைப் பின்னால இழுங்க. முன்னால குனிங்க. மூக்கு கால் பெருவிரலுக்கு நேரா வரணும். இப்ப எந்திரிங்க." அவள் இடுப்பைத் தாங்க, பெரியவர் எழுந்து நின்றார். அடுத்தடுத்து வந்தபோது, அவருக்குத் தெம்பு கூடக்கூட, ஒவ்வொரு வரிசைச் செங்கல்லாக எடுத்துக்கொண்டே வந்தாள்.

இதைத்தான் நாம் 'மசாஜ் பண்ற வேலை' என்கிறோம். மெழுகு ஒத்தடமும் கரண்ட் வைப்பதும் மட்டும்தான் பிசியோதெரபி என்று நினைத்துக்கொண்டிருக்கிற நாம், அதில் எந்தப் பிரிவு பெரிது, எது சிறிது என்று தீர்ப்பும் சொல்கிறோம்.

வேலூர் சிஎம்சி என்றால் நமக்கெல்லாம் மரியாதை. அங்கே மறுவாழ்வு மருத்துவத்துக்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் மேரி வர்கீஸ். 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மையம் திறந்தது. இன்ன துறைக்குப் போ என்று அவருக்கு மச்சினர் யாரும் சொல்லவில்லை. சொந்த உடம்பில் பட்டதும் கண்ணால் கண்டதும் சொன்னது. நம் பிள்ளைகளுக்கு அப்படிப்பட்ட அடி எதுவும் வேண்டாம். கண்ணால் காண்பதற்குக் கொஞ்சம் காலம் கொடுத்தால் போதும்.

அந்தக் காலத்தைக் கொடுக்கத்தான் நமக்கு மனம் வருவதில்லை. 'கேப் விழுந்துரும்' என்ற பயம் ஒன்று எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. பிபிடி முடித்த பிள்ளை ஒரு வருடம் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தால் அது எப்படிக் கேப் ஆகும்? முழங்கால் மாற்று அறுவை செய்தவர்களை அடுத்த நாளே நடக்க வைக்கும். சர்க்கரைக்காரர்களின் இறுகிப்போன தோளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும். மூளை வாதத்தோடு பிறந்த குழந்தையின் அம்மாவுக்குப் பிள்ளையைப் பிடிக்கும் விதம் சொல்லிக்கொடுக்கும். எதைச் செய்யும்போது நேரம் போவது தெரியவில்லை, எதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்கிறோம் என்பது அங்கேதான் தெரியவரும். சம்பளம் குறைவுதான், மறுக்கவில்லை. அதற்காக, சம்பளத்தோடு கற்றுக்கொள்ள வழியிருக்கும்போது இரண்டு வருடக் கட்டணத்தைக் கட்டிவிட்டு அப்புறம் பிரிவு பிடிக்கவில்லை என்று அழுவது கெட்டிக்காரத்தனமா?

2025இல் வந்த புதிய தேசியப் பாடத்திட்டம் பிபிடியை ஐந்து வருடமாக்கி, அதில் இன்டர்ன்ஷிப்பை ஒரு முழு வருடமாக்கியிருக்கிறது. நோயாளியோடு இருக்கும் காலம் போதவில்லை என்று பாடத்திட்டம் போட்டவர்களுக்கே தோன்றியிருக்கிறது. அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டப்படிப்பு, அதற்கு மேல் டிபிடி என்ற மூன்று வருடப் பிசியோதெரபிப் படிப்பு. அந்தப் படிப்புக்கு விண்ணப்பிப்பவர், பிசியோதெரபிஸ்ட் வேலை செய்வதைக் கூடவே நின்று எத்தனை மணி நேரம் பார்த்தார் என்று பல கல்லூரிகள் கணக்குக் கேட்கின்றன. பிசியோதெரபிஸ்ட் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தையும் சில கல்லூரிகள் கேட்கின்றன. ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பதாரர் தன் வார்த்தையில் கட்டுரை எழுத வேண்டும்.

வெளிநாட்டுப் பேச்சு வந்துவிட்டதால் ஏஜென்சிக்காரர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் ஒரு வருட எம்எஸ்சி முடித்தால் அங்கே பிசியோதெரபிஸ்ட் ஆகிவிடலாம் என்பது போல ஒரு நம்பிக்கை நம் பக்கம் உலவுகிறது. மேற்படிப்புப் பட்டம் வேறு, தொழில் செய்ய அனுமதி வேறு. பிரிட்டனில் எச்சிபிசி என்ற அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஆஸ்திரேலியாவில் அங்குள்ள பிசியோதெரபி கவுன்சிலின் மதிப்பீட்டில் தேற வேண்டும். அமெரிக்காவில் நம் படிப்பை அவர்கள் படிப்போடு ஒப்பிட்டு மதிப்பிட்டு, அதன்பின் தேர்வு வைத்து, மாநில உரிமம் தருகிறார்கள். எந்தப் படிப்பு அந்தப் பதிவுக்கு வழிவிடும், எது விடாது என்று கேட்காமல் காட்டை விற்றுப் பணம் கட்டாதீர்கள். எங்கே போனாலும் பிபிடி பாட நேரக் கணக்கும் டிரான்ஸ்கிரிப்டும் கேட்பார்கள். அதை எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்து வாங்கி வைப்பது எந்த ஏஜென்டை நம்புவதைவிடவும் பயன் தரும்.

ஏன் இந்தப் படிப்பு என்று எழுதச் சொல்லும் அந்தக் கட்டுரை இருக்கிறதே, அதையும் காசு கொடுத்து எழுதி வாங்குகிறோம். எனக்குத் தெரிந்த ஒரு பையனுக்கு ஏஜென்சியில் எழுதிக் கொடுத்ததைப் படித்துப் பார்த்தேன். சிறு வயது முதலே மனித உடலின் இயக்கம் அவனை வியக்க வைத்ததாம். அந்தப் பையனைச் சிறு வயது முதல் எனக்குத் தெரியும். அவனை வியக்க வைத்தது பம்பரம். ஆனால் அவன் இன்டர்ன்ஷிப்பின்போது, ஜல்லிக்கட்டில் மாடு குத்தித் தொடை எலும்பு முறிந்த ஒரு வாலிபனை ஊன்றுகோலில் நடக்கப் பழக்கியிருக்கிறான். இனி மாடு பிடிக்க முடியுமா என்று அந்த வாலிபன் தினமும் கேட்டானாம், இவன் என்ன பதில் சொல்வதென்று முழித்தானாம். அதை என்னிடம் அரை மணி நேரம் சொன்னான். கட்டுரையில் அதில் ஒரு வரி இல்லை. பையனின் அப்பாதான் "ஊர்க்கதையெல்லாம் எதுக்கு" என்று தடுத்திருக்கிறார். ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் அந்த ஊர்க்கதை ஒன்றுதான் அவனுடையது. அதைத்தான் அடித்துவிட்டார்.

பணம் பெரிய கவலை, தெரியும். ஆனால் நம் கவலை ஒரே தடத்தில் ஓடுகிறது. கோயம்புத்தூர், சென்னைத் தனியார் கல்லூரிகளுக்கு மேல் நாம் விசாரிப்பதே இல்லை. ஒடிசாவில் கட்டாக் பக்கத்தில் ஓலட்பூரிலும் கொல்கத்தாவிலும் மத்திய அரசின் மறுவாழ்வு நிறுவனங்கள் இருக்கின்றன. அங்கே நுழைவுத் தேர்வு எழுதி எம்பிடி சேரலாம். "அவ்வளவு தூரமா?" என்று வாயைப் பிளக்கிறீர்கள். லண்டனுக்கு அனுப்பத் தயாராக இருந்தவர்களுக்கு ஒடிசா தூரமாகப் போய்விட்டது! கல்விக் கடன் 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் இல்லாமல் கேட்க வழியிருக்கிறது, வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்கலாம். பாங்குக்குப் போவதற்கு முன்னாலேயே தாலிக்கொடியை அடகுக்கடைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம்.

கல்யாணப் பேச்சை விட்டுவிடவில்லை. "எம்பிடி முடிச்சிருந்தா நல்ல இடம் அமையும்" என்று சேர்க்கிறவர்கள் ஒரு பக்கம். "எம்பிடி படிச்சா அதுக்கு மேல படிச்ச மாப்பிள்ளை தேடணும்" என்று நிறுத்துகிறவர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேருமே விண்ணப்பத்தை ஜாதகத்தோடு சேர்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறீர்கள். பத்திரிகையில் 'டாக்டர்' என்று போடலாமா கூடாதா என்ற சர்ச்சை வேறு. 2025 செப்டம்பரில் தில்லியில் சுகாதாரப் பணிகள் இயக்குநரகம் போடக் கூடாது என்று ஒரு கடிதம் எழுதியது, மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. அவர்களே தடுமாறுகிற விஷயத்துக்கு மண்டப வாசலில் நின்று நாம் ஏன் சண்டை பிடிக்க வேண்டும்?

என் மகள் இப்போது மதுரையில் வேலை பார்க்கிறாள். அடுத்த வருடம் எம்பிடிக்குப் போடலாம் என்றிருக்கிறாள். எந்தப் பிரிவு என்று இன்னும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்க நாக்கு துடிக்கிறது என்பது வேறு விஷயம்.

உங்களிடம் நான் கேட்பது பெரிய தியாகம் எதுவும் இல்லை. இந்த வருடம் ஏற்கெனவே விண்ணப்பம் போட்டிருந்தால், அதில் யாருடைய செல் நம்பர் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்பாவுடையதாகத்தான் இருக்கும். ஓடிபி அப்பாவுக்கு வருகிறது, கலந்தாய்வு நாளும் அப்பாவுக்கு வருகிறது, அவர் காட்டில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருக்கிறார். மெயில் முகவரியும் பாஸ்வேர்டும் பிரவுசிங் சென்டர் தம்பியின் நோட்டில் இருக்கின்றன. கடைசித் தேதிக்கு முன்னால் திருத்தத்துக்கு வாய்ப்புக் கொடுத்தால், பிள்ளையின் நம்பரைப் போடச் சொல்லுங்கள், மெயில் பாஸ்வேர்டையும் மாற்றச் சொல்லுங்கள். பிரிவு என்று இருக்கும் கட்டத்தில் என்ன போட்டிருக்கிறது என்பதை அப்போது பிள்ளையே பார்த்துக்கொள்ளும்.