ரவுட்டரை வெளியூரிலிருந்து அணைக்கலாமா?

புதிதாக பிராட்பேண்ட் இணைப்பு வாங்கிய நண்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: “ஊருக்குக் கிளம்பும் அவசரத்தில் ரவுட்டரை அணைக்க மறந்துவிட்டேன். செல்போனிலிருந்தே அணைத்துவிட முடியுமா?”

ஓரளவு முடியும். ஆனால் அதற்காக நாம் திறந்து வைக்கும் வழி, ரவுட்டர் நான்கு நாட்கள் சும்மா ஓடுவதைவிட ஆபத்தானது என்பதே என் கருத்து.

முதலில் கணக்கைப் பாருங்கள். 10 வாட் எடுக்கும் ஒரு ரவுட்டர் 4 நாட்கள் இடைவிடாமல் ஓடினாலும் ஒரு யூனிட் மின்சாரம்கூட ஆகாது.

அடுத்து, கம்ப்யூட்டரில் இருப்பது போல ‘ஷட் டவுன்’ வசதி பெரும்பாலான வீட்டு ரவுட்டர்களில் கிடையாது. ‘ரீபூட்’ மட்டுமே இருக்கும். அதாவது அணைந்து தானாகவே மீண்டும் எழும். முழுவதும் அணைக்க சுவரில் உள்ள சுவிட்சுதான் வழி. அப்படி அணைப்பதால் ரவுட்டர் கெட்டுவிடாது. ஃபர்ம்வேர் அப்டேட் நடக்கும்போது மட்டும் அணைக்கக் கூடாது.

ரீபூட் செய்ய, வீட்டு வைஃபையில் செல்போனை இணைத்து, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று டைப் செய்யுங்கள். சரியான முகவரி ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும். பாஸ்வேர்ட் கொடுத்து உள்ளே சென்றால் ரீபூட் பட்டனைக் காணலாம். அருகில் ‘ஃபேக்டரி ரீசெட்’ இருந்தால் தொடாதீர்கள். நீங்கள் செய்து வைத்த செட்டிங்குகள் எல்லாம் அழிந்துவிடும்.

இதே பக்கத்தை வெளியூரிலிருந்து திறக்க உதவுவதுதான் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’. இதை ஆன் செய்தால், உங்கள் ரவுட்டரின் லாகின் பக்கம் உலகத்துக்கே திறந்த வாசலாகிவிடும். 2016-ல் பரவிய மிராய் என்ற வைரஸ், தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும்தான் புகுந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஜெர்மனியில், ரவுட்டர்களைத் தொலைவிலிருந்து பராமரிக்கும் வழியைக் குறிவைத்த தாக்குதலால் டாய்ச் டெலிகாம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 9 லட்சம் பேரின் இணைப்பு பாதிக்கப்பட்டது.

“ஸ்மார்ட் பிளக் வாங்கி மாட்டினால்?” என்று கேட்பீர்கள். நானும் மாட்டினேன். ஒருமுறை வெளியூரில் இருந்தபடி அதை அணைத்தேன், ரவுட்டர் அணைந்தது. வீட்டு கேமராவும் அதோடு நின்றுபோனது. மீண்டும் ஆன் செய்யப் பார்த்தால், அந்த பிளக்கும் அதே வைஃபையை நம்பித்தான் இருந்தது! உட்கார்ந்திருக்கும் கிளையையே வெட்டிய கதைதான். ஊர் திரும்பும்வரை வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. ஃபைபர் இணைப்பில் லேண்ட்லைன் போனும் சேர்ந்து வந்தால் இன்னும் கவனம் தேவை. வீட்டில் வயதான பெற்றோர் இருக்கும்போது நீங்கள் வெளியிலிருந்து அணைத்தால், அவர்களின் போனும் ஊமையாகிவிடும்.

சில நிறுவனங்கள் தரும் செல்போன் செயலி மூலம் வெளியிலிருந்து ரீபூட் செய்யலாம். அவசியம் என்றால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்ட் வையுங்கள். இரண்டு கட்ட சரிபார்ப்பு வசதி இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள்.

இன்றே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். ரிமோட் மேனேஜ்மென்ட் ஆஃப் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். ஃபர்ம்வேர் அப்டேட் வந்திருந்தால் போட்டுவிடுங்கள்.

ஊருக்குக் கிளம்பும்போது கேஸ் சிலிண்டரை மூடுகிறோம், மோட்டார் சுவிட்சைப் பார்க்கிறோம். அந்தப் பட்டியலில் ரவுட்டரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளக்கைக் கழற்றி வைத்தால் இடி மின்னலிலிருந்தும் பாதுகாப்பு. மறந்துவிட்டீர்களா? ஓடட்டும், விடுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தை மிச்சப்படுத்த வீட்டு வாசலைத் திறந்து வைக்க வேண்டாம்.