பூட்டிக் கிடக்கும் மாடி போர்ஷன்

நத்தம் சாலையில் போனால் மனை விற்கும் போர்டுகள் விடாமல் வருகின்றன. 'பஸ் ஸ்டாண்டிலிருந்து பத்தே நிமிஷம்' என்று ஒன்று. நடுராத்திரியில் போனால் சாத்தியம்தான். படத்தில் அப்பா, அம்மா, ஊஞ்சலில் இரண்டு பிள்ளைகள்.

எனக்குச் சந்தேகம் அந்தப் பிள்ளைகள் மேல். மூன்று சென்ட் கிரயம் பண்ணும்போது மகனுக்கு ஐந்து வயசு. வில்லங்கம் பார்த்து, கல் ஊன்றி, பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டுவோம். லோன் வாங்கிக் கட்டி முடிப்பதற்குள் அவன் பெங்களூரு போய்விடுகிறான். கிரகப்பிரவேசத்துக்கு லீவு போட்டு வருகிறான். தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.8 பிள்ளை என்கிறது 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு. அதிலும் ஊரில் தங்குவது எத்தனை?

சீலப்பாடிப் பக்கம் என் அத்தை, மகனுக்கென்று மாடி கட்டினாள். கதவில் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. வாடகைக்கு விடச் சொன்னேன். "தீவாளிக்கு வந்தா அவன் எங்கடா படுப்பான்?" என்றாள்.

அங்கீகாரமில்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அதன்பிறகு 'டிடிசிபி அப்ரூவ்டு' என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நல்லது. பெரிய மனைப்பிரிவுகளில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்காவுக்கு விட வேண்டும். தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் கொடுப்பதோடு பல இடங்களில் கதை முடிகிறது. அத்தை தெருவில் பூங்கா என்பது கம்பி வேலிக்குள் சீமைக்கருவேலம். அவள் காலை நடைக்குப் போவது மெயின் ரோட்டில், லாரிகளுக்கு ஓரமாக. பூங்காவுக்குப் பணம் வந்தால் முதலில் ஊஞ்சல் போடுவார்கள். சாய்மானம் உள்ள நாலு பெஞ்சு, மேடுபள்ளமில்லாத நடைபாதை, ஒரு லைட் போதும் என்பேன். ஆறு மணிக்கு வரப்போவது முட்டிவலிக்காரர்கள்தான்.

அந்தத் தெருவில் உருப்படியாக நடப்பது, ஒருவர் தன் கார் ஷெட்டில் போட்டிருக்கும் மளிகைக் கடை. காலையில் அத்தை பால் வாங்க வரவில்லையென்றால், அவரே போய் கேட்டைத் தட்டுகிறார். எந்த வரைபடத்திலும் இந்த வசதியை யாரும் குறித்திருக்க மாட்டார்கள். 'குடியிருப்புப் பகுதியில் கடையா?' என்று பக்கத்துத் தெருக்காரர் மனு கொடுத்திருக்கிறாராம். அவர் வீட்டுக்கும் பால் இங்கிருந்துதான் போகிறது.