பாய்மரப் படகுக்கு எந்தக் கரை?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

கடலில் படகை இறக்குவது அரிய செயல் அன்று. இறக்கிய படகைப் பழுதின்றிக் கரை சேர்ப்பதே அரிய செயல். இந்த ஒரு கருத்தை அளவுகோலாகக் கொண்டு, சிறிய பாய்மரப் படகு ஒன்றுக்குத் தமிழ்நாட்டுக் கடற்கரையில் எந்த இடம் தக்க தளமாகும் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

“பாய்மரப் படகா? அது செல்வர் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு ஆயிற்றே! அரசுக் கல்லூரி மாணவர்க்கு அதில் என்ன வேலை?” என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உடைய மாநிலத்தில் பிறந்துவிட்டு, கடல் நமக்கு உரியதன்று என்று சொல்வதைவிடப் பெரிய வறுமை வேறு இல்லை. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகு செலுத்தியவர் சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன். அப்போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. வேலூரைச் சேர்ந்த விஷ்ணு சரவணன் 2023-இல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றார். வேலூரில் கடல் இல்லை என்பதை நாம் அறிவோம். கடல் இல்லாத ஊரில் பிறந்தவருக்குத் திறந்த கதவு, கடலோரத்திலேயே பிறந்த பிள்ளைகளுக்கும் திறக்க வேண்டாமா?

நேத்ரா குமணன் செலுத்திய வகைப் படகின் நீளம் ஏறத்தாழ 4.2 மீட்டர், உடலின் எடை ஏறத்தாழ 60 கிலோ. சிறுவர் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ என்னும் படகு 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோ எடையுமே உடையது. இத்தகைய படகை இரண்டு சக்கர டிரெய்லரில் ஏற்றிச் சாதாரண வண்டியின் பின்னால் கட்டி இழுத்துச் செல்லலாம். இதற்குத் துறைமுகம் வேண்டியதில்லை. நங்கூரமிட்டு ஆண்டு முழுவதும் காவல் காக்க வேண்டியதில்லை. சக்கரம் பூண்ட படகுக்குத் தனி உரிமை ஒன்று உண்டு: பருவத்துக்கு ஏற்பக் கரையை மாற்றிக்கொள்ளும் உரிமை அது. தளம் தேடுவோர் பலரும் இந்த உரிமையை மறந்துவிட்டு, ஆண்டு முழுவதும் அமைதியாக இருக்கும் ஒரே கரையைத் தேடி அலைகிறார்கள். அப்படி ஒரு கரை நம் மாநிலத்தில் இல்லை.

ஒரு கரையை எப்படிச் சோதிப்பது? முதலாவது, நிலம். இளகிய மணலில் டிரெய்லரின் சக்கரம் புதையும். சேற்றில் வண்டியே புதையும். எட்டடி நீளத்துக்கு ஓரடி இறங்கும் கெட்டியான சரிவு இருந்தால் படகு தண்ணீரில் எளிதாக மிதந்துவிடும். நம் கடலில் ஓதம் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் அடங்குவதால், நீண்ட சரிவும் தேவையில்லை. இரண்டாவது, அலை. ஆழ்கடல் அலையை விடக் கரையில் மடங்கி உடையும் அலையே சிறு படகுக்குப் பெரும் பகை. மூன்றாவது, காற்று. அது எந்தத் திங்களில் எத்திசையிலிருந்து வீசுகிறது என்பதை அறியாமல் தளம் அமைப்பது, வாசலைப் பாராமல் வீடு கட்டுவது போன்றது. நான்காவது, மக்கள். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்வேன்.

இந்தச் சோதனையில் நம் கிழக்குக் கரையின் பெரும்பகுதி தேறுவதில்லை. சென்னை முதல் நாகப்பட்டினம் வரையிலான கரை திறந்த மணற்கரை. வங்கக் கடலின் அலை தடையின்றி வந்து உடையும் இடம் அது. சென்னையில் துறைமுகம் கட்டப்படுவதற்கு முன் கப்பல்கள் தொலைவில் நிற்க, கயிற்றால் தைக்கப்பட்ட மசூலாப் படகுகளே அலையைக் கடந்து சரக்கையும் ஆளையும் கரை சேர்த்தன. துறைமுகம் எழுந்த பின் கடலோர மணலோட்டம் தடைப்பட்டது. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்ப் பகுதிகளைக் கடல் அரித்தது. 1980-களின் இறுதியில் புதுச்சேரியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தபோதும் வடபுறக் கரைக்கு இதே கதி நேர்ந்தது. ஓரிடத்தில் கல்லைக் கொட்டி அமைதியை வாங்கினால், அதற்குரிய விலையை அடுத்த ஊர் கொடுக்கிறது. ஆகவே, விளையாட்டுப் படகுக்காகப் புதிய சுவர் எழுப்புவதை நான் ஒப்பமாட்டேன்.

“சென்னைத் துறைமுகத்துக்குள்ளேயே படகுச் சங்கம் இருக்கிறதே, முட்டுக்காட்டில் உப்பங்கழி இருக்கிறதே?” எனலாம். துறைமுக நீர் காவலும் கட்டுப்பாடும் உள்ள இடம். எல்லாரும் வண்டியோடு நுழைய இயலாது. முட்டுக்காடு துடுப்புப் பிடிக்கவும் பாய் விரிக்கவும் பழக நல்ல பள்ளி. ஆயினும் கழி வேறு, கடல் வேறு. அதன் முகத்தை மணல் அடைப்பதும் உண்டு. முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் பக்கம் அலை குறைவு. ஆனால் சேறு மிகுதி. குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையிலோ தென்மேற்குப் பருவத்தில் எழும் அலை, பழகிய மீனவரையே அஞ்ச வைப்பது.

அப்படியானால் எந்தக் கரை? மண்டபம் என்பதே என் துணிபு.

இராமநாதபுரத்திலிருந்து கிழக்கே நீளும் நிலம் மண்டபத்தில் மிகக் குறுகிவிடுகிறது. வடக்கே பாக் நீரிணை சார்ந்த கடல். தெற்கே மன்னார் வளைகுடா. ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு நடந்தே போய்விடலாம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் காற்று தெற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசும்போது தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம்போல் கிடக்கும். ஐப்பசி பிறந்து வாடைக் காற்று வீசத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். வடகடல் சீறும், தென்கடல் அடங்கும். அங்குள்ள மீனவர்கள் பருவத்துக்கு ஏற்பத் தம் படகுகளை ஒரு கடலிலிருந்து மறு கடலுக்கு மாற்றுவது நெடுநாள் வழக்கம். மற்ற ஊர்களில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதை, டிரெய்லர் வைத்திருப்பவர் மண்டபத்தில் ஒரு சாலையைக் கடந்து முடித்துவிடலாம். ‘அலை ஓய்ந்த பின் கடலாடலாம்’ என்று காத்திருப்பவனை நம் பழமொழி நகையாடுகிறது. மண்டபத்தில் அலை ஓய்ந்த கடல் ஒன்று பெரும்பாலும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கிறது.

இதன் காரணத்தை இயற்பியல் மாணவர் எளிதில் உணரலாம். அலையின் உயரம் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. காற்று எவ்வளவு நேரம் வீசியது, நீர்ப்பரப்பின்மீது எவ்வளவு தொலைவு ஓடி வந்தது என்பவற்றையும் பொறுத்தது. நிலத்தைக் கடந்து வரும் காற்றுக்குக் கரையோரத்தில் ஓடிய தொலைவே இல்லை. ஆதலால் அங்கே அலையும் இல்லை.

ஆனால் இங்கேதான் கேடு மறைந்திருக்கிறது. அமைதியான பக்கம் என்பது, காற்று நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் பக்கம். கரையில் நிற்பவன் கண்ணாடி போன்ற நீரைக் கண்டு மயங்குகிறான். பாயை விரித்தால் படகு சிட்டாய்ப் பறக்கிறது. அரை மணி கழித்துத் திரும்ப நினைக்கும்போதுதான், தான் காற்றை எதிர்த்துப் போக வேண்டியவன் என்பது அவனுக்குத் தெரிகிறது. எந்தப் பாய்மரமும் காற்றுக்கு நேர் எதிரே ஓடாது. ஏறத்தாழ 45 பாகை விலகி, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பி ஏற வேண்டும். அப்படி ஏறினால், ஒரு கிலோமீட்டர் நேர்வழிக்கு ஏறத்தாழ 1.4 கிலோமீட்டர் ஓட வேண்டும். கரையை விட்டு விலக விலக அலையும் வளரும். பழகாத கை சோரும். அப்பால் இருப்பதோ 1974, 1976 ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் வகுக்கப்பட்ட இந்திய-இலங்கைக் கடல் எல்லை. காற்றில் அடித்துச் செல்லப்பட்ட படகுக்கு அந்தக் கோடு கண்ணில் தெரியாது.

ஆகவே மண்டபத்தைத் தளமாகக் கொள்வோர்க்குச் சில கட்டுப்பாடுகள் வேண்டும். பழகும் வரை கரையை விட்டு நேரே வெளியே போகாமல், கரைக்கு இணையாகப் பக்கக் காற்றில் ஓட வேண்டும். துடுப்பும் மிதவைச் சட்டையும் இன்றிப் படகு நகரக்கூடாது. பாம்பன் வாய்க்காலின் நீரோட்டத்தில் விளையாட்டு வேண்டாம். ஐதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் வெளியிடும் அலை முன்னறிவிப்பைப் பார்த்த பின்னரே டிரெய்லரைக் கட்ட வேண்டும். பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறிவிட்டால் இரண்டு கடலும் ஒன்றுதான். 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு வீசிய புயலில் தனுஷ்கோடி அழிந்ததை அந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. புறப்படுமுன் கடலோரக் காவல் துறையினர்க்குச் செய்தி சொல்ல வேண்டும். இந்தியக் கடலோரக் காவல் படையின் நிலையம் மண்டபத்திலேயே இருப்பதும், ஆபத்தில் அழைக்க 1554 என்னும் எண் இருப்பதும் அவ்விடத்துக்கு உள்ள கூடுதல் நன்மைகள்.

கடலுக்கு அடியிலும் கட்டுப்பாடு உண்டு. தென்கடலில் உள்ள 21 தீவுகளும் 1986-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டவை. ஆசைக்கு அங்கே இறங்கக்கூடாது. வடகடலின் ஆழமற்ற நீரில் கடற்புல் வளர்கிறது. கடற்பசுவின் உணவு அதுவே. படகின் நடுவே இறங்கும் பலகையை அவ்விடங்களில் தூக்கிக்கொள்ளாவிட்டால், புல்லும் கிழியும், பலகையும் உடையும்.

இனி, நான்காவது சோதனையாகிய மக்களுக்கு வருகிறேன். கரை என்பது காலியிடம் அன்று. வலை உலர்வதும், மீன் காய்வதும், வள்ளம் ஏறுவதும், பெண்கள் மீனுக்கு விலை பேசுவதும் அங்கேதான். அந்த இடத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்டு, ‘விளையாட்டு வளாகம்’ என்று பலகை மாட்டினால், முதல் நாளிலேயே அந்தத் தளம் தோற்றுவிட்டது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். வேலிக்கு வெளியே நின்று பார்ப்பது எப்படி இருக்கும் என்பதை எனக்கு எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனவே என் கோரிக்கை மிகச் சிறியது. வடகரையில் ஒரு சரிவு, தென்கரையில் ஒரு சரிவு. இரண்டும் ஊராரின் இசைவோடு, அவர்கள் வள்ளங்களும் ஏறி இறங்கும்படி அமையட்டும். சக்கரத்தின் உப்பைக் கழுவ ஒரு நல்ல தண்ணீர்க் குழாய், காற்றின் திசை காட்ட ஒரு கொடி, ஒரு கொட்டகை, ஒரு மீட்புப் படகு. அந்த மீட்புப் படகை ஓட்டுபவரும், காற்றின் குணம் சொல்லித் தரும் ஆசிரியரும் உரிய ஊதியம் பெறும் உள்ளூர் மீனவராக இருக்கட்டும். பருவம் பார்த்துக் கரை மாற்றும் கலையைப் பல தலைமுறையாகக் கற்றவர் அவர். பயிலும் பிள்ளைகளில் முதல் வரிசை அந்த ஊர்ப் பிள்ளைகளுடையதாக இருக்கட்டும். இரண்டாம் வரிசையில் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர் நிற்கலாம்.

சாலை எங்கே நன்றாக இருக்கிறது, விடுதி எங்கே வசதியாக இருக்கிறது என்று பார்த்துக் கரையைத் தேர்பவர், போகும் வழியை மட்டும் தேர்கிறார். காற்றையும் அலையையும் அந்தக் கரையில் வாழ்வோரையும் கேட்டுத் தேர்பவர் திரும்பும் வழியையும் தேர்ந்துவிடுகிறார். மாணவத் தோழர்களே, படகு வாங்கும் காலம் நமக்கு எப்போது வருமோ, அறியேன். வரும்போது முதலில் மண்டபத்துப் பெரியவர் ஒருவரிடம் போய், “இன்றைக்கு எந்தக் கடல், ஐயா?” என்று கேட்போம். அவர் வடக்கே கைகாட்டினால் வடக்கே, தெற்கே காட்டினால் தெற்கே. இரண்டுக்கும் தலையாட்டி மறுத்தால், டிரெய்லரைத் திருப்பிக்கொண்டு வீடு வந்து சேர்வோம்.