மண்ணுள் மறைந்த தொட்டி

குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டைச் சூடாக வைத்திருப்பது, உணவும் உடையும் போல இன்றியமையாத தேவையாகும். அமெரிக்க ஐக்கிய நாட்டின் வடகிழக்குப் பகுதியில் பனிக்காலம் பல திங்கள் நீடிக்கும். அக்காலத்தில் சூடேற்றாத வீடுகளில் குழாய் நீரும் உறைந்து, குழாய்கள் வெடித்துவிடுவதுண்டு. முன்னர் அங்குள்ள மக்கள் நிலக்கரியை எரித்துக் குளிரைப் போக்கினர். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர்ப் பல இலட்சம் இல்லங்கள் எண்ணெய்க்கு மாறின. டீசலை ஒத்த அவ்வெண்ணெயைச் சேர்த்து வைப்பதற்கு, வீட்டின் நிலவறையிலோ தோட்டத்து மண்ணுக்கு அடியிலோ எஃகுத் தொட்டிகளை அமைத்தனர். நிலவறைத் தொட்டி பெரும்பாலும் ஏறத்தாழ 1,000 லிட்டர் கொள்ளும். புதைத்த தொட்டிகளோ 2,000 முதல் 4,000 லிட்டர் வரை கொள்வனவாக இருந்தன.

கண்ணுக்கு மறைந்த பொருள் கருத்துக்கும் மறைந்து போவது மனித இயல்பு. எண்ணெயை விட்டு எரிவாயுவுக்கு மாறியபோது, பலர் பழைய தொட்டியைத் தோண்டி எடுக்கவில்லை. ஆண்டுகள் பல கழிந்தன, வீடுகள் கைமாறின, தொட்டியின் மேல் புல் வளர்ந்தது. புதிதாக வீடு வாங்கியவர், தம் காலடியில் எண்ணெய்த் தொட்டி ஒன்று கிடப்பதையே அறியாதிருந்தார்.

தொட்டி எவ்வாறு கசிகிறது? அதன் உட்சுவரில் காற்றிலுள்ள ஈரம் நீர்த்துளியாகப் படிகிறது. நீர் எண்ணெயினும் கனமுடையது. ஆதலின் அது தொட்டியின் அடியில் தங்குகிறது. அங்கே துரு தோன்றி எஃகை அரிக்கிறது. புறத்தே ஈரமண்ணும் அவ்வாறே அரிக்கிறது. இறுதியில் ஊசிமுனை அளவு துளை விழுகிறது. நொடிக்கு ஒரு துளி சொட்டினாலும், நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் ஒழுகிவிடும். ஓராண்டில் அது 1,000 லிட்டரைக் கடந்துவிடும்.

அவ்வெண்ணெய் விழுந்த இடத்திலேயே நிற்பதில்லை. மணற்பாங்கான நிலத்தில் விரைந்தும், களிமண்ணில் மெல்லவும் அது கீழிறங்குகிறது. நிலத்தடி நீரை அடைந்ததும் அதன்மேல் மிதந்து பரவுகிறது. வேலியும் மதிலும் மண்ணுக்கு மேலேதான் உண்டு. கீழே ஓடும் நீருக்கு அவை இல்லை. ஒருவர் தோட்டத்தில் கசிந்த எண்ணெய் அடுத்தவர் கிணற்றைக் கெடுப்பது இவ்வாறுதான். அதன் ஆவி நிலவறைக்குள் புகுந்து, வீட்டில் வாழ்வோர்க்குத் தலைவலியும் மயக்கமும் தருவதும் உண்டு.

வழக்கத்துக்கு மாறாக எண்ணெய் விரைவில் தீர்வதும், நிலவறையில் எண்ணெய் நாற்றம் வீசுவதும், தோட்டத்துப் புல் காரணமின்றிக் கருகுவதும் கசிவின் அறிகுறிகள். அவற்றைக் கண்டவுடன் அடுப்பை நிறுத்தி, எண்ணெய்க் குழாயை அடைத்து, மாநிலச் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குத் தெரிவித்தல் வேண்டும். சிந்திய எண்ணெயைத் தண்ணீர் விட்டுக் கழுவுதல் கூடாது. அது எண்ணெயை மேலும் பரப்பிவிடும். தொட்டியில் எஞ்சியதை வெளியேற்றி, அதைத் தோண்டி எடுத்து, கெட்ட மண்ணை அகற்றி, சுற்றியுள்ள மண்ணை ஆய்வுக்கூடத்தில் சோதித்த பின்னரே அந்நிலம் தூய்மையுற்றது எனலாம். எண்ணெய் நிலத்தடி நீரை எட்டிவிட்டால், வேலை பல ஆண்டுகள் நீளும்.

இப்பெருஞ்செலவை ஏற்பவர் யார்? அமெரிக்காவில் 1984ஆம் ஆண்டு நிலத்தடித் தொட்டிகளை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. ஆயினும், வீட்டிலேயே எரிப்பதற்கான எண்ணெய்த் தொட்டிகளுக்கு அது விலக்கு அளித்தது. பொறுப்பு மாநிலங்களைச் சேர்ந்தது. நியூ செர்சி மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி, கசிவுக்குப் பொறுப்பானவர், தாம் தவறு செய்தாரா இல்லையா என்ற கேள்விக்கே இடமின்றித் துப்புரவுச் செலவை ஏற்றல் வேண்டும். வழக்கமான வீட்டுக் காப்பீடோ இத்தகைய மாசுக்குப் பெரும்பாலும் பணம் தருவதில்லை.

"தொட்டி யாருடையதோ, செலவும் அவருடையதே" என்பார் உளர். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனினும், தண்டனை ஒன்றே வழியானால் விளைவு என்ன? வாழ்நாள் சேமிப்பை இழக்க நேரும் என்று அஞ்சும் குடும்பத்தலைவர், நாற்றத்தை உணர்ந்தும் உணராதவர் போல் இருந்துவிடுவார். அவர் வாய் மூடியிருக்கும் ஒவ்வொரு நாளும் நஞ்சு அண்டை வீட்டை நோக்கி நகரும். செலவைப் பற்றிய அச்சம் நஞ்சைப் பற்றிய அச்சத்தினும் பெரிதாக இருக்கும் வரையில், எச்சட்டமும் முழுப் பயன் தராது.

இதனை உணர்ந்து செயற்பட்ட மாநிலங்களும் உண்டு. மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலம் 1995இல் ஒரு காப்பீட்டுத் திட்டத்துக்குச் சட்டம் இயற்றியது. எண்ணெய் விற்பனையாளரிடம் கேலனுக்குச் சிறு கட்டணம் பெற்று, பதிவு செய்த தொட்டி கசிந்தால் துப்புரவுக்கு உதவியது. மாசச்சூசெட்ஸ் மாநிலமோ, எண்ணெய்க் குழாய்க்குப் பாதுகாப்பு உறையோ அடைப்பானோ 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் பொருத்துமாறு பணித்தது. கசிவுக்கான காப்பீட்டை வழங்க முன்வருமாறு காப்பீட்டு நிறுவனங்களுக்கும் ஆணையிட்டது. முன்னது வந்த துன்பத்தைப் பகிர்ந்துகொள்வது. பின்னது துன்பம் வருமுன் காப்பது. இரண்டும் ஒருங்கே வேண்டும்.

ஆண்டுதோறும் தொட்டியைச் சோதிப்பதும், பயனற்ற தொட்டியை அகற்றுவதும், வீட்டை விற்கும்போது தொட்டி இருப்பதை மறையாது சொல்வதும் வீட்டுக்காரர் கடமை. உண்மையைச் சொல்ல முன்வந்தவரை அழியவிடாது தாங்குவது அரசின் கடமை. வீட்டு மனையை ஒருவர் விலை கொடுத்து வாங்கலாம். அதன் அடியில் ஓடும் நீர் ஊரார் அனைவர்க்கும் உரியது. அந்நீரைக் காக்கும் செலவிலும் ஊரார்க்குப் பங்கு இருத்தலே முறையாகும்.