அறுப்புக்குப் பிறகு வரும் கனம்

அறுப்பு முடிந்து, நெல்லெல்லாம் களத்துக்குப் போன பிறகு, வெறும் அரிதாளாகக் கிடக்கும் வயலைப் பார்த்தபடி வரப்பில் உட்கார்ந்திருக்கிறீர்களா? நல்ல விளைச்சலாகவே இருக்கும். ஆனாலும் மனசில் ஒரு கனம் இறங்கும். யாரிடமாவது சொன்னால், "நல்லாத்தானே விளைஞ்சிருக்கு, அப்புறம் ஏன்ப்பா முகம் வாடிக் கிடக்கு?" என்பார்கள். நாமும் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்துவிடுவோம்.

இந்தக் கனத்துக்கு ஒரு பருவத்தையும் ஓர் உறுப்பையும் ஒதுக்கி வைத்திருக்கிறது சீன மருத்துவம். இயற்கை வேளாண்மை பேசும் நமக்குச் சீன உழவர்கள் அந்நியர்கள் அல்ல. அமெரிக்க மண்ணியல் அறிஞர் எஃப்.எச். கிங் 1909இல் சீனா, கொரியா, ஜப்பான் நாடுகளுக்குப் போய், கழிவை மண்ணுக்கே திருப்பித் தரும் அவர்களுடைய முறையைப் பார்த்து எழுதினார். 1911இல் வந்த அந்தப் புத்தகத்தை உலகெங்கும் இயற்கை விவசாயிகள் இன்றும் படிக்கிறார்கள். அந்த உழவர்களின் உரக்குழியைப் பற்றிப் படித்தோம். அவர்கள் ஊர் வைத்தியம் மனசைப் பற்றி என்ன சொன்னது என்று நாம் பெரிதாகக் கேட்கவில்லை.

சீன நாட்காட்டி ஆண்டை 24 பருவக் கூறுகளாகப் பிரிக்கிறது. உழவு வேலைக்கு வழிகாட்டும் இந்த முறையை 2016இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. இதன்படி இலையுதிர் காலம் ஆகஸ்ட் 7 அல்லது 8இல் தொடங்கி, நவம்பர் முதல் வாரம் வரை நீளும். பகலும் இரவும் சமமாகும் செப்டம்பர் நாளை, 2018 முதல் உழவர் அறுவடைத் திருநாளாகச் சீன அரசு கொண்டாடுகிறது.

இந்தக் காலத்துக்கான சீன எழுத்தில் இரண்டு உறுப்புகள் உண்டு. ஒன்று தானியப் பயிர், இன்னொன்று நெருப்பு. இதே எழுத்துக்குக் கீழே 'நெஞ்சம்' என்ற எழுத்தைச் சேர்த்தால், கவலை, துயரம் என்று பொருள். நெஞ்சின் மேல் இலையுதிர் காலம் வந்து உட்கார்ந்தால் துயரம்! எனக்குப் பிடித்தது இதுதான். அறுவடையும் ஏக்கமும் ஒரே இடத்தில் பிறப்பதை எழுத்திலேயே பார்க்க முடிகிறது.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பட்ட 'மஞ்சள் பேரரசரின் உள் மருத்துவ நூல்'தான் சீன மருத்துவத்துக்கு அடிப்படை. அந்த மரபு இலையுதிர் காலத்தை உலோகம் என்கிற தத்துவத்தோடும், நுரையீரல், பெருங்குடல் என்கிற உறுப்புகளோடும், துக்கம் என்கிற உணர்வோடும் சேர்க்கிறது. உலோகம் என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது அரிவாள்தானே. வெட்டுவதும் வகை பிரிப்பதும் அதன் குணம். நுரையீரல் புதுக் காற்றை உள்ளே வாங்குகிறது, பெருங்குடல் வேண்டாததை வெளியே தள்ளுகிறது. வைத்துக்கொள்ள வேண்டியது எது, விட்டுவிட வேண்டியது எது என்று பிரிக்கிற காலம் இது. மரமும் அதைத்தான் செய்கிறது. இலையை உதிர்க்கும் முன்னால் அதிலுள்ள தழைச்சத்தில் ஒரு பகுதியைத் தண்டுக்குள் இழுத்துக்கொள்கிறது. மிச்சத்தை மண்ணுக்கு விட்டுவிடுகிறது.

மனசுக்கு அந்த நூல் சொல்லும் யோசனை எளிமையானது. வசந்தத்திலும் கோடையிலும் தாமதமாகப் படுக்கலாம், சீக்கிரம் எழுந்துவிடு. இலையுதிர் காலத்தில் சீக்கிரம் படுத்து, கோழியோடு எழுந்திரு. வெளியே பரந்து திரிந்த மனதை உள்ளே சேர்த்து வை. இப்படி இருந்தால் பருவத்தின் கடுமை தாக்காது. இல்லாவிட்டால் நுரையீரல் கெடும், குளிர்காலத்தில் வயிற்றோட்டம் வரும் என்கிறது.

"அங்கேயும் விவசாயிக்கு உட்கார நேரம் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். வட சீனச் சமவெளியில் இந்த நாட்களில்தான் மக்காச்சோளம் அறுத்து, நிலத்தை உழுது, குளிர்காலக் கோதுமையை விதைக்கிறார்கள். வேலை உச்சத்தில் இருக்கும். அந்த நூலும் வேலையை நிறுத்தச் சொல்லவில்லை. இரவைச் சுருக்காதே, மனதைச் சிதறவிடாதே என்றுதான் சொல்கிறது. இன்னொன்றும் சொல்கிறது: துக்கத்தை வெல்வது மகிழ்ச்சி. அங்கே இலையுதிர் காலப் பண்டிகைகளைப் பாருங்கள். எட்டாம் மாதப் பௌர்ணமியில் குடும்பமாக உட்கார்ந்து நிலா பார்க்கிறார்கள். ஒன்பதாம் மாதம் ஒன்பதாம் நாள் பெரியவர்களோடு மலையேறுகிறார்கள். துக்கம் வரும் காலத்தில் யாரும் தனியாகக் கிடக்காதபடி ஊர் பார்த்துக்கொள்கிறது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது சமையல் குறிப்பு அல்ல. அங்கே இக்காலத்துக் காற்று வறண்டது. அதனால் பேரிக்காயைக் கற்கண்டோடு வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள். நமக்கோ ஐப்பசி அடைமழைக் காலம். குளிர்ச்சியான பேரிக்காயை இங்கே கொண்டுவந்தால் அவர்கள் வைத்தியமே தப்பு என்று சொல்லும். நமக்குச் சுக்கும் மிளகும்தான் சரி. உணவைப் பருவத்துக்கும் நிலத்துக்கும் ஏற்பத் தேர்ந்தெடுக்கும் பார்வையைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், பண்டத்தை அல்ல.

அதைவிட முக்கியம், துக்கத்துக்கு ஓர் இடம் கொடுக்கும் வழக்கம். நாம் மண்ணுக்கு ஓய்வு கொடுக்கிறோம். பலதானியம் விதைத்து, மடக்கி உழுது, அடுத்த பயிருக்கு முன்னால் அது மூச்சு விடட்டும் என்கிறோம். நமக்கு அந்த மூச்சு கிடையாது. நெல் களத்தில் இருக்கும்போதே கடன் கணக்கு, வியாபாரியோடு பேரம், அடுத்த விதை. நூறு நாளுக்கு மேல் பிள்ளை போல வளர்த்ததை ஒரே நாளில் மூட்டை கட்டி அனுப்பிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல நடிக்கிறோம். பேசாமல் புதைத்தது எங்கே போகும்? சிலருக்குக் கோபமாக வீட்டில் இறங்குகிறது, சிலருக்குக் குடியாக.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பருவத்தோடு வந்து பருவத்தோடு போகிற கனம் வேறு, கடன் அழுத்துகிற நெருக்கடி வேறு. விலை கிடைக்காதவனிடம் "சீக்கிரம் தூங்கு, மலையேறு" என்று சொல்வது கேலி. அதற்கு நியாய விலைதான் மருந்து, அதற்காகத்தான் இயக்கம். அதேபோல நுரையீரலில் துக்கம் தங்குகிறது என்பது ஒரு மரபின் பார்வை. எக்ஸ்ரேயில் தெரிகிற சங்கதி இல்லை. வாரக்கணக்கில் தூக்கம் இல்லை, சாப்பாடு பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் கஷாயத்தோடு நிற்காதீர்கள். மருத்துவரைப் பாருங்கள். 14416க்கு அழைத்தால் அரசின் மனநல ஆலோசகரிடம் கட்டணமில்லாமல், தமிழிலேயே பேசலாம். இயற்கை விவசாயி மருத்துவரிடம் போனால் கொள்கை ஒன்றும் கெட்டுவிடாது.

மற்றபடி அடுத்த அறுப்பு முடிந்ததும் ஒரே ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். கணக்கு நோட்டை வீட்டில் வைத்துவிட்டு, வீட்டுக்காரம்மாவையும் பக்கத்து வயல்காரரையும் கூட்டிக்கொண்டு வரப்பில் போய் உட்காருங்கள். இந்தப் போகத்தில் எது சரியாக வந்தது, எது கைவிட்டுப் போனது என்று வாய்விட்டுப் பேசுங்கள். வைத்துக்கொள்ள வேண்டியதை வைத்துக்கொள்வோம். மற்றதை, வைக்கோலைப் போல, மண்ணுக்கே விட்டுவிடுவோம்.