கபரில்லாதவர்களுக்கு நாம் பட்ட கடன்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 10 வந்துவிட்டால் 1806-ஆம் ஆண்டின் வேலூர்க் கோட்டைப் புரட்சி நம் நாவுக்கு நினைவு வருகிறது. இந்நாட்டின் விடுதலைக்கு முந்தி இரத்தம் சிந்தியவர்கள் நாமே என்று சான்றிதழ் நீட்டுவதைப் போல் முழங்குகிறோம், மறுநாள் மறந்துவிடுகிறோம். அந்த ஷஹீதுகளை நாம் கண்ணியப்படுத்துகிறோமா, அல்லது நம் தேவைக்குப் பயன்படுத்திக்கொள்கிறோமா?

தாடியைக் குறைக்கவும், நெற்றிக்குறியை நீக்கவும், புதுவகைத் தலைப்பாகை அணியவும் கும்பினி ஆணையிட்டது. முஸ்லிம் சிப்பாய்களும் இந்துச் சிப்பாய்களும் சேர்ந்தே எழுந்தனர். ஆர்க்காட்டிலிருந்து விரைந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அன்றே அவர்களை ஒடுக்கியது. அரண்மனைக்குள் ஒதுங்கியிருந்த ஏறத்தாழ நூறு பேர் வெளியே இழுக்கப்பட்டுச் சுவரோரம் சுடப்பட்டனர். விசாரணைக்குப் பின் எட்டுப் பேர் தூக்கிலிடப்பட்டனர், ஐவர் சுடப்பட்டனர், அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சிதறடிக்கப்பட்டனர்.

பீரங்கி தண்டித்தது உயிரை மட்டுமன்று. குளிப்பாட்டவும் கஃபனிடவும் அடக்கம் செய்யவும் ஓர் உடல் எஞ்சாமல் செய்தது. இந்துவுக்கோ ஈமக்கடனைப் பறித்தது. கொல்லப்பட்ட ஆங்கிலேயருக்கு வேலூரில் கல்லறை எழுந்தது.

"கபர்களைப் பெரிதாக்குவது மார்க்கத்தில் இல்லை; இந்தப் பேச்சு நமக்கெதற்கு?" என்பார் உண்டு. கபர்மீது கட்டடம் எழுப்பச் சொல்லவில்லை நாம். இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிரோடிருப்பவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என நபிகள் நாயகம் (ஸல்) எச்சரித்ததை மறந்தோமா? உஹதில் ஷஹீதான தம் தந்தை வேறொருவருடன் ஒரே கபரில் கிடப்பதை மனம் ஒப்பாமல், ஆறு மாதத்திற்குப் பின் எடுத்துத் தனியே அடக்கினார்கள் ஜாபிர் (ரலி). கபரைத் தோண்டுவது விளையாட்டன்று; ஆயினும் ஷஹீதின் கண்ணியம் அற்பமுமன்று.

அல்ஜீரியாவைப் பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்த போராளிகளின் மண்டையோடுகள் தலைமுறைகளாகப் பாரிஸ் அருங்காட்சியகத்தில் பெட்டிகளில் கிடந்தன. இருபத்துநான்கை மீட்டு, 2020 ஜூலை 5 அன்று, தம் விடுதலை நாளிலேயே, அல்ஜியர்ஸில் நல்லடக்கம் செய்தனர். நூற்றெழுபது ஆண்டுகள் கடந்தும் அவர்கள் கடனை மறக்கவில்லை.

சிதறியவரை மீண்டும் அடக்க நம்மால் இயலாது. வேலூர் மக்கான் சந்திப்பில் நினைவுத்தூண் நிற்கிறது. அதுவே போதுமென்று இருந்துவிடலாமா? பள்ளிப்பட்டிலிருந்து வேலூருக்கு ஒரே நாளில் போய்த் திரும்பலாம். ஆயினும் நம் மதரஸாப் பிள்ளைகளுள் எத்தனை பேர் அக்கோட்டை மதிலைத் தொட்டிருக்கிறார்கள்? குற்றம் அவர்களுடையதன்று, ஆசிரியர்களாகிய நம்முடையது.

பிள்ளைகளை அழைத்துச் செல்வோம். உடன் மாண்ட இந்துச் சிப்பாய்களையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்போம். ஜூலையின் ஒரு ஜும்ஆவிலேனும் முழக்கத்தை நிறுத்தி நம் ஷஹீதுகளுக்காகக் கையேந்துவோம். மண்ணில் கபர் வாய்க்காதவர்களின் மறுமை வீட்டை அல்லாஹ் விசாலமாக்குவானாக! ஆமீன்.